ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

அவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே அந்த உச்சந்தலையைக் கண்டுகொண்டேன், நெற்றி விபூதியைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, புலவர் உமையொருபாகம், எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா, முன்பெல்லாம் அவர் நடந்து வந்தால் வராந்தாவே ஒதுங்கி வழிவிடும், இப்போது மகள் கையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்து, இத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க எனக்கு நேர் எதிரே உட்காருகிறார். கோவில்பட்டியில் பல் டாக்டருக்கா பஞ்சம், அதில் இந்த மாடிக்கு, இந்தக் காலை வேளைக்கு, என் எதிரே. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், நின்று நின்று கால் வலித்துப்போய் கடைசியில் நாற்காலி தேடி இவரை உட்காரவைத்திருக்கிறது. அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தப் படம், ஒரு பக்கம் ரோஜா நிறத்தில் நல்ல ஈறு, மறுபக்கம் சிவந்து வீங்கி பல்லைவிட்டுக் கழன்று நிற்கிற ஈறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு நேர் கீழே தமிழய்யா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவர் பார்த்த புஷ்பம் டீச்சருக்கு வாயே கிடையாது, மூக்குக்குக் கீழே முந்தானைதான். அவருக்கென்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். எத்தனையோ வருஷமாகக் காலையிலும் இரவிலும் கண்ணாடி முன்னால் நின்று தீட்டித் தீட்டி வைத்த வாக்கியம். ரிசப்ஷனில் இருக்கிற முத்துச்செல்வி என் பேரைக் கூப்பிடுவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்விட்டு வந்து சொல்லலாமே என்றால் முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது, இன்று காலை பல் துலக்கி நுரையைத் துப்பும்போது அதில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. இருந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. குழாயடியில் சிவப்பு வாளி இருக்கிறது, அதன் நிறம் பட்டிருக்கலாம். வாளிதான். வாளியாகத்தான் இருக்கும். வாளி என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவள் எதற்கு அடுத்த மாதம் வர வேண்டிய செக்கப்புக்கு இன்றைக்கே ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

எல்லாம் ஒரு கடலைமிட்டாயில் ஆரம்பித்தது. இதோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறாளே மகள் மங்கையர்க்கரசி, இவளுக்கு பேங்க்கில் வேலை கிடைத்ததற்கு ஐயா ஸ்டாஃப் ரூமில் மிட்டாய் கொடுத்தார். நான் அப்போது கெட்டியானது எதையும் ஆள் முன்னால் கடிக்க மாட்டேன், பல் துலக்கினால் ரத்தம், கொய்யாக்காய் கடித்தால் ரத்தம், ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷையே விட்டுவிட்டு விரலில் பொடி தொட்டு மேலாகத் தடவிவிட்டுப் போவேன், அதனால் இன்னும் ரத்தம். ஆனால் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைமிட்டாயை வேண்டாம் என்றால் ஊரைவிட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். "எடுத்துக்கோங்க டீச்சர், நம்ம ஊர்ப் பிரசாதம்" என்று தட்டை மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார். எடுத்தேன். கடித்தேன். கையில் மிச்சமிருந்த பாதியில், வெல்லப்பாகு மினுங்குகிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள், அத்தோடு போயிருக்கும், இவர் போகவிடவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார். சிலேடை ஏதாவது வரப்போகிறதென்றால் அந்தத் தலை அப்படித்தான் சாயும். "ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு பத்தாப்புக்குப் பாடம் நடத்திட்டு வாரேன். உதாரணத்துக்கு ஓடாக் குதிரை, செல்லாக் காசுன்னு எங்கெங்கேயோ தேடிட்டு இருக்கேனே, நம்ம ஸ்டாஃப் ரூம்லயே ஒண்ணு இருந்திருக்கு பாருங்க!" பி.டி. மாஸ்டர் மேசையை அடித்துச் சிரித்தார். ஹெட்மாஸ்டர் டீ டம்ளருக்குள் சிரித்தார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை, நான் அறிவியல் டீச்சர், இலக்கணத்தோடு எனக்கு என்ன உறவு, மற்றவர்கள் என் வாயைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வாய்க்குள் கடலையும் ரத்தமும் கலந்து கிடந்ததைத் துப்பவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அப்படியே விழுங்கினேன். உதட்டைத் திறக்காமல் நானும் சிரித்தேன் வேறு. அதுதான் இன்றுவரை பற்றிக்கொண்டு எரிகிறது.

அப்புறம் போய் அந்த இலக்கணத்தைப் படித்தேன். எதிரியைப் படிக்காமல் எப்படி. ஓடாத குதிரை என்பது முழுச்சொல், அதில் கடைசியில் நிற்கிற 'த' விழுந்துவிட்டால் ஓடாக் குதிரை. கடைசி எழுத்துக்கு ஈறு என்று பெயர், அது விழுந்தால் ஈறு கெட்டது. ஈறு கெட்ட இடத்தில் அடுத்து வல்லினம் மிகும், அந்த 'க்' அப்படி வந்ததுதான். அட, அதுவும் சரிதானே, எனக்கு ஈறு கெட்டது, உள்ளே வல்லினம் மிகுந்துகொண்டே போனது. ஸ்டாஃப் ரூமில் சொன்னது ராத்திரிக்குள் ஹாஸ்டல் வரை போய்விட்டது, பிள்ளைகளுக்கு அவ்வளவு நீளப் பெயர் எதற்கு, எதிர்மறை டீச்சர் என்று சுருக்கிக்கொண்டார்கள். பற்களின் வகைகள் பாடம் நடத்துவேன், வெட்டும் பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று போர்டில் படம் போடுவேன், காலையும் இரவும் பல் துலக்க வேண்டும் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொல்வேன், கடைசி பெஞ்சில் எவனாவது "ஓடாக் குதிரை" என்பான், வகுப்பே குனிந்துகொள்ளும். என் மகள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், பெண்ணின் அம்மா துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு வந்தவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். என் வீட்டுக்காரர் ஜெபமணி ஒரு வார்த்தை சொன்னதில்லை, தங்கமான மனுஷன், ஆனால் ராத்திரி நான் பேச ஆரம்பித்தால் முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பும். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். திரும்பிக்கொள்கிற முகத்தோடு என்ன சண்டை போடுவது. என் வாய் சரியாவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரு நாளாவது என் மூச்சுக்கு எதிரே அவர் முகம் நிற்பதை நான் பார்க்கவில்லை, இதையும் சேர்த்துத் தமிழய்யா கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மனசுக்குள் ஒன்று கேட்கத்தான் செய்கிறது, கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்.

டாக்டர் ரெஹானாவிடம் வந்தபோது கீழ்வரிசைப் பற்கள் எல்லாம் சாயங்காலக் காற்றில் ஆடுகிற வேலிக்குச்சி மாதிரி இருந்தன. கிளீன் பண்ணினால் பல் லூசாகிவிடும் என்று எல்லோரையும் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். "லூசாகல டீச்சர், ஏற்கனவே லூசுதான். இந்தக் காரைதான் ஒட்டுப் போட்டுப் பிடிச்சிட்டு இருக்கு, அதை எடுத்தா உங்களுக்கு உண்மை தெரியுது" என்றது அந்தப் பெண். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் சுண்ணாம்பாகக் கட்டிப்போன காரையைச் சுரண்டி எடுத்தாள், ஒரு கடைவாய்ப்பல்லை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, மற்றதற்கெல்லாம் "இனிமே உங்க கையிலதான் இருக்கு, ரத்தம் வருதேன்னு தேய்க்காம விட்டீங்க பாருங்க, தேய்க்காததாலதான் ரத்தமே" என்றாள். கையில்தானே. கையில் கொடுத்தால் விடுவேனா. அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தேன், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு அட்சரம், உ, மை, யொ, ரு, பா, கம், மேல்வரிசை முடிந்து கீழ்வரிசை, மறுபடியும் உ, மை, யொ. அடுத்த தடவை வந்தபோது டாக்டர் என் பிரஷ்ஷை வாங்கிப் பார்த்துத் திகைத்துப்போனாள், முடியெல்லாம் நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. "யார் மேல இவ்வளவு கோவம் டீச்சர்? ஈறு என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா? அழுத்தாதீங்க. அழுத்தினா ஈறு பயந்து பின்னால போயிடும். மெத்து பிரஷ்ஷா வாங்கி, ஈறும் பல்லும் சேர்ற எடத்துல சாய்ச்சு வச்சு, சின்னச் சின்னதா, குழந்தைக்குத் தலை துவட்டுற மாதிரி." பழிவாங்குவதை மெதுவாகச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்தான், அவளுக்கே தெரியாது. அப்புறம் பல்லிடுக்குக்கு நூல், பூக்கட்டுகிற மாதிரி இரண்டு விரலில் சுற்றி, பல்லைக் கட்டிப்பிடித்தபடி மேலும் கீழும். நாக்குக்கு வழிப்பான். சாப்பிட்ட கையோடு கொப்பளிப்பு. மகள் வீட்டுக்குப் போனாலும், மழையானாலும், காய்ச்சலானாலும், ஜெபமணியை அடக்கம் செய்துவிட்டு வந்த ராத்திரியிலும் கூட. உறவுக்காரர்கள் கூடத்தில் படுத்திருக்க நான் குழாயடியில் நின்று நூல் போட்டுக்கொண்டிருந்தேன், என் நாத்தனார் பார்த்துவிட்டு, இவளுக்கென்ன சித்தம் கலங்கிவிட்டதா என்று கேட்டாளாம். கலங்கவில்லை. அவ்வளவு தெளிவாக நான் எப்போதும் இருந்ததில்லை. ரத்தத்தின் இரும்பு ருசி போனது, நாற்றம் போனது, ஈறு இறுகிப் பல்லைப் பிடித்துக்கொண்டது, டாக்டர் அளவு ஊசியை ஒவ்வொரு பல்லோரமாக இறக்கி ஆழத்தை வாய்விட்டுச் சொல்லும்போது முன்பு ஆறு, ஏழு என்று வந்த இடத்திலெல்லாம் இரண்டு, மூன்று என்று வர ஆரம்பித்தது. பல்லுக்குப் பல் என்பார்கள், ஈறுக்கு ஈறு என்று யாரும் சொன்னதில்லை, நான் சொல்வேன்.

உள்ளே மெஷின் சத்தம் எழுந்து அடங்குகிறது. கிராம்பெண்ணெய் வாடை. மங்கையர்க்கரசி எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முத்துச்செல்வியின் மேசை மேல் வைக்கிறாள், டப்பாவுக்குள் என்ன என்று எனக்குத் தெரியும், காதைத் தீட்டிக்கொள்கிறேன். "கீழ்ப் பல்செட்டு ஈறைப் போட்டுத் தேய்க்குதும்மா. புண்ணாயிட்டு. ஆறவே மாட்டேங்கு. அதான் கழட்டியே வச்சிருக்கார், கஞ்சிதான் குடிக்கார்." "ஒரு பல்லு கூட இல்லையாக்கா ஐயாவுக்கு?" "ஒண்ணு கூட இல்ல. எல்லாம் ஆடி ஆடித் தானா விழுந்தது. வெத்தலை போயிலையை விடுங்கன்னு எங்க அம்மா சொல்லிச் சொல்லியே போயிட்டா. ராத்திரி வாய்ல அடக்கிட்டே தூங்குவார்." ஒன்று கூட இல்லை. ஒன்று கூட இல்லை. இந்த மூன்று சொல்லைக் கேட்பதற்காகத்தான் இத்தனை நூல் உருட்டினேனா, அப்படியென்றால் ஒரு முழம் கூட வீண் போகவில்லை. காலைப் பிரேயரில் மைக்கைப் பிடித்து ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று முழங்குவார், முழங்கிவிட்டு மரத்தடிக்குப் போய் வெற்றிலையை மடிப்பார், சொல்வது ஆலும் வேலும், போடுவது பாக்கும் புகையிலையும். பிள்ளைகளை நிறுத்திவைத்து எழுத்து பிறக்கிற இடம் சொல்லிக்கொடுப்பார், அறிவியல் அறைக்குச் சுவர் தாண்டிக் கேட்கும், நாக்கு நுனி மேல்பல்லில் பட்டால்தான்டா 'த' பிறக்கும், மேல்பல் கீழுதட்டில் பட்டால்தான்டா 'வ' பிறக்கும், பல்லில்லாதவனுக்குத் தமிழில்லைடா. இப்போது எங்கே போய்ப் பிறக்கும் ஐயா உங்கள் 'த'? கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கு தாடையைத் தொடப் பார்க்கிறது. கை வாயைவிட்டு இறங்கவே இல்லை. பெண்பிள்ளை யாராவது நிமிர்ந்து பார்த்தால் கை இன்னும் கொஞ்சம் இறுகுகிறது. எனக்குத் தெரியும் அது, நாலு விரலும் சேர்ந்து கட்டைவிரல் கன்னத்தில் ஊன்றுகிற இடம்கூடத் தெரியும், நான் முந்தானையோடு பிடிப்பேன், அவரிடம் முந்தானை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பாவம் என்று ஒரு சொல் தொண்டைவரை வருகிறது. வராதே, போ. நாக்கை விட்டுப் பற்களின் உள்பக்கத்தை ஒரு சுற்று தடவிப் பார்க்கிறேன், வழவழவென்று, எல்லாம் இருக்கிறது, இரும்பு ருசி இல்லை, இல்லவே இல்லை, வாளிதான். ஆனால் டாக்டரின் ஊசி வாளி என்று சொல்லுமா. அஞ்சு என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டால் போதும், வெளியே வரும்போது நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம், அந்தப் படத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம். "அடுத்து நீங்கதான் டீச்சர், ரெண்டு நிமிஷம்" என்கிறாள் முத்துச்செல்வி. இரண்டு நிமிஷம். பல் துலக்குகிற நேரம்.

எழுந்துவிட்டேன். நாலடி தூரம்தான். "வணக்கம் ஐயா. என்னைத் தெரியுதா? புஷ்பம் டீச்சர். தங்கபுஷ்பம்." நிமிர்கிறார். கண் மட்டும் அப்படியே இருக்கிறது, அந்தக் காலத்துக் குறும்போடு. "ஹணக்கம்" என்கிறார் விரல் வழியாக. "அறிவியல்... புஷ்பம் டீச்சர்... நல்லா இருக்கீங்களா?" மகளும் நிமிர்கிறாள், முத்துச்செல்வி பார்க்கிறாள், மீன் தொட்டிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் பார்க்கிறார்கள், ஸ்டாஃப் ரூமில் இருந்த அளவுக்குக் கூட்டம் இல்லாவிட்டாலும் போதும், சொல்லிவிடு, சொல். "ஐயா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" சொல்லிவிட்டேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததைவிடக் கணீரென்று வந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இடி இறங்கட்டும், விபூதி வியர்க்கட்டும். முகம் மலர்கிறது. மலர்கிறது! "ஏன் இல்லாம? பேரப்பிள்ளை யாருக்காச்சும் பரீட்சையா?" கை வாயைவிட்டு இறங்குகிறது. வெறும் வாய், உள்ளே இளஞ்சிவப்பாக ஈறு மட்டும், கீழே ஒரு பக்கம் வெளுத்த புண், எதையும் மறைக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் விரலை நீட்டிப் பாடம் நடத்துகிறார். "எஹிர்மறைப் பெயரெச்சத்துல ஈறு எது? கடைசி எழுத்து. அது கெட்டுப்போவும். எழுத்துதான் கெடும், பொருள் கெடாது, பார்த்துக்கோங்க." ஹ ஹ என்று காற்று போகிறது, 'த' வர வேண்டிய இடமெல்லாம் ஓட்டை. உதாரணத்துக்குத் தலையை ஒருபக்கமாகச் சாய்க்கிறார். அதே சாய்வு. வரட்டும், இப்போதாவது நினைவு வரட்டும். நினைவு வரவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டிச் சிரிக்கிறார். "ஆறாப் புண். இந்தா, எங்கயும் தேட வேண்டாம், எங்கிட்டயே இருக்கு." மகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "அப்பா இவ்வளவு பேசி எத்தனை மாசமாச்சு தெரியுமா டீச்சர்? வாயே தொறக்க மாட்டார். உங்களைப் பார்த்ததும் பாருங்களேன். நீங்க நல்லா இருக்கணும்."

நல்லா இருக்கணுமா. என்னைப் பிழிந்து எடுத்த வார்த்தை இந்த மனுஷனிடம் ஒரு மூலையில்கூட இல்லை, ஒரு சிலேடை, வாய்க்கு வந்தது, போய்விட்டது, வெற்றிலைச் சாற்றோடு துப்பிவிட்டுப் போய்விட்டார், நான்தான் அதைப் பொறுக்கி வைத்துக் காலையும் இரவும் தேய்த்துக் கழுவி மின்ன வைத்திருக்கிறேன். நெருப்பு வைக்கப் போனவள் விளக்கேற்றி வைத்துவிட்டு நிற்கிறேன். இப்படியே திரும்பினால் செத்தேன். ஆறாப் புண்ணாம். தீராப் பகை, மறவா நெஞ்சு, அணையா நெருப்பு, யோசித்துப் பார்த்தால் என்னிடம் இருக்கிறது எல்லாமே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான், சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார், ஒன்றைத் தவிர. குனிகிறேன். அவர் கண்ணுக்கு நேரே என் முகம். உதட்டை நன்றாக விரிக்கிறேன், மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் தெரியும்படி, வாழ்நாளில் எவர் முன்னாலும் விரிக்காத அளவுக்கு. "ஆறாத புண் ஐயா" என்கிறேன். "எனக்கு ஈறு கெடல. ஆறா - த." நாக்கை மேல்பல்லின் அடியில் வைத்து, அந்த ஒரே எழுத்தை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அவர் சிரிப்போடுதான் கேட்கிறார். அப்புறம் என் பற்களைப் பார்க்கிறார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, வரி வாசிக்கிற மாதிரி பார்க்கிறார். சாய்ந்த தலை நேராகிறது. எந்த மேசை, எந்தத் தட்டு, எந்த மிட்டாய் என்று தேடுகிறாரோ, கண்டுபிடித்தாரோ, எனக்குத் தெரியாது, கை மட்டும் மெதுவாக மேலே வந்து நாலு விரலும் சேர்ந்து வாயை மூடிக்கொள்கிறது. மகளுக்கு எதுவும் புரியவில்லை. "தங்கபுஷ்பம் டீச்சர், உள்ள வாங்க" என்கிறாள் முத்துச்செல்வி. நான் சிரித்துக்கொண்டே திரும்புகிறேன், கையை வைக்காமல், முந்தானையைத் தேடாமல். கதவுக்குப் பக்கத்தில் போகும்போது மேல்பல்லின் அடியில், நாக்கு நுனியில், லேசாக இரும்பு ருசி. அழுத்தாதீங்க டீச்சர் என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை விடாமலே விழுங்கினேன்.